காய்ச்சல் விட்டுடுச்சு, அப்புறம் ஏன் டிஸ்சார்ஜ் பண்ண மாட்டேங்குறாங்க?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். தம்பிக்கு 24 வயசு, திங்கக்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சுது, டெஸ்ட்ல டெங்குன்னு வந்துடுச்சு, நேத்து வியாழன் ராத்திரியோட காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா பிளேட்லெட் 54,000-ல இருந்து இன்னைக்கு காலையில 31,000-க்கு இறங்கிடுச்சு. டாக்டர் வீட்டுக்கும் அனுப்ப மாட்டேங்குறாரு, பிளேட்லெட்டும் ஏத்த மாட்டேங்குறாரு, சும்மா படுக்க வச்சு பில்லை ஏத்துறாங்களா, பேசாம கூட்டிட்டுப் போய் பப்பாளி இலைச் சாறு கொடுத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. இதெல்லாம் நாலு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் அடியில இருக்கிறது ஒரே கேள்விதான்: டெங்குல ஆபத்து எங்க இருந்து வருது, அது எப்ப வருது? அதுக்குப் பதில் தெரிஞ்சா அந்த நாலும் தானா தெளிஞ்சிடும்.

நான் பொது மருத்துவம் படிச்சுட்டு 13 வருஷமா காய்ச்சல் வார்டு பாத்துட்டு இருக்கிற ஆளு. ஆனா உங்க தம்பிய நான் பாக்கல, நாடி பிடிக்கல, அதனால அவருக்கு என்ன பண்ணணும்னு இங்க உக்காந்து நான் சொல்றது சரியில்ல. டெங்கு எப்படிப் போகும்னு மட்டும் சொல்றேன், அத வச்சு நீங்க அந்த டாக்டர்கிட்ட நல்ல கேள்வியா கேளுங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், இன்னைக்கு ராத்திரி எழுதிக் கொடுத்துட்டு கூட்டிட்டு வர்ற வேலைய மட்டும் பண்ணிடாதீங்க.

டெங்குல நாள் கணக்குதான் எல்லாமே. காய்ச்சல் வந்த நாள் முதல் நாள், அப்படிப் பாத்தா தம்பிக்கு இன்னைக்கு அஞ்சாவது நாள். மொத ரெண்டு மூணு நாள் 103, 104-ன்னு கொதிக்கும், கண்ணுக்குப் பின்னாடி குத்தும், இடுப்பும் முட்டியும் கழண்டு விழற மாதிரி இருக்கும், பாக்கவே பாவமா கிடப்பாங்க, ஆனா அந்தக் கட்டத்துல உயிருக்கு ஆபத்து கம்மி. மூணாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் நடுவுல எப்பயாவது காய்ச்சல் விடும், பெரும்பாலானவங்களுக்கு அதோட முடிஞ்சுது. ஒரு சின்ன பங்கு ஆளுங்களுக்கு மட்டும், காய்ச்சல் விடுற அந்த நேரத்த ஒட்டித்தான் ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும். மத்த எல்லா காய்ச்சல்லயும் ஜுரம் விட்டா நல்ல செய்தி, டெங்குல ஜுரம் விட்டா அப்பத்தான் நாங்க நாற்காலிய நகத்திப் போட்டு கிட்ட உக்காருவோம்.

கசியறதுன்னா என்னன்னு பிசிவிய வச்சு சொன்னா ஈஸியா புரியும். ரிப்போர்ட்ல பிசிவி, இல்லன்னா ஹீமட்டோகிரிட்னு ஒரு வரி இருக்கும். நீங்க பிளேட்லெட் நம்பர் மட்டும்தான் எழுதியிருக்கீங்க, அந்த வரிய எழுதவே இல்ல, எழுதாதது உங்க தப்பும் இல்ல, எல்லாரும் அப்படித்தான். ரசத்த வச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மேல தெளிவும் கீழ மண்டியுமா பிரிஞ்சிருக்கும்ல, ரத்தத்தையும் மெஷின்ல சுத்தினா அப்படித்தான், கீழ சிவப்பு அணு, மேல மஞ்சளா பிளாஸ்மா. மொத்தத்துல அந்த மண்டி எத்தனை சதவீதம்ங்கிறதுதான் பிசிவி. கசியற நேரத்துல குழாய விட்டு வெளிய போறது தெளிவு மட்டும்தான், மண்டி உள்ளயே நின்னுடும், அதனால பிசிவி ஏறும். 40 இருந்தது 48 ஆனா 20 சதவீதம் ஏறியிருக்கு, அந்த அளவு ஏறினா நல்லாவே கசியுதுன்னு அர்த்தம். வெளிய போன தண்ணி நுரையீரலச் சுத்தியும் வயித்துக்குள்ளயும் போய் தேங்கும், ஸ்கேன் எடுத்தா பித்தப்பையோட சுவர் தடிச்சுத் தெரியும். இந்தக் கசிவு 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரம் வரைக்கும்தான், அப்புறம் தானா அடைஞ்சுக்கும். அந்த ஒண்ணு ரெண்டு நாள பத்திரமா தாண்ட வைக்கிறதுதான் மொத்த வைத்தியமும், ஏன்னா டெங்கு வைரஸக் கொல்ற மருந்துன்னு இதுவரைக்கும் ஒண்ணும் நடைமுறைக்கு வரல.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்த ஒண்ணு இன்னும் மனசுல அப்படியே இருக்கு. காலேஜ் பையன், அஞ்சாவது நாள், காய்ச்சல் இல்ல, கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து போன் நோண்டிட்டு இருந்தான். நைட் டூட்டி சிஸ்டர் பிபி பாத்துட்டு வந்து 104-க்கு 88-ன்னாங்க. எனக்கு 104 நல்ல நம்பராத்தான் பட்டுச்சு, சரி சிஸ்டர் பாத்துக்கலாம்னேன். அவங்க போகல. "சார், கால் ஐஸ் மாதிரி இருக்கு, வந்து தொட்டுப் பாருங்க"ன்னாங்க. நான் இன்னொரு பேஷண்ட்டுக்கு ஊசி போட்டு முடிச்சுட்டு ஒரு இருபது நிமிஷம் கழிச்சுப் போனேன், கட்டை விரல் நகத்த அழுத்தி விட்டா வெள்ளையாவே நிக்குது, ரத்தம் திரும்ப வரவே மாட்டேங்குது, மணிக்கட்டுல நாடி நூல் மாதிரி, அவனோ "தண்ணி தாகமா இருக்கு சார்"னு சாதாரணமா பேசிட்டு இருக்கான். பொழச்சுட்டான், அதுக்குக் காரணம் அந்த சிஸ்டர்தான், நான் இல்ல. பிபில மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாக்கணும், அது 20 இல்ல அதுக்கும் கீழ சுருங்கினா டெங்கு ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாத நிலை, மேல் நம்பர் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. உடம்பு மூளைக்கு ரத்தம் குறைய விடாம கை காலுக்குப் போறத வெட்டிடும், அதனாலதான் ஆள் கடைசி வரைக்கும் தெளிவா பேசிட்டு இருப்பான், சொந்தக்காரங்களும் நல்லாத்தானே இருக்கான்னு நெனப்பாங்க.

இப்ப பிளேட்லெட்டுக்கு வரேன். சாதாரணமா ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் இருக்கணும், டெங்குல எலும்பு மஜ்ஜை உற்பத்திய குறைச்சுக்கும், இருக்கிறதையும் உடம்பு அழிக்கும், அதனால இறங்கறது எதிர்பாத்ததுதான். ஏத்துற பிளேட்லெட்டையும் அதே உடம்புதான அழிக்கப்போவுது, சில மணி நேரத்துல பழைய நம்பருக்கே வந்து நிக்கும். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல, சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் 20,000-க்குக் கீழ இறங்கின 372 பெரியவங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு ஏத்தியும் இன்னொண்ணுக்கு ஏத்தாமலும் பாத்த ஆய்வு 2017-ல வெளிவந்துச்சு, ஏத்தினதால ரத்தக்கசிவு குறையல, அலர்ஜி மாதிரி தொந்தரவுதான் கூடிச்சு. நிஜமா ரத்தம் போச்சுன்னா, மலம் கருப்பா போகுது, பெண்களா இருந்தா மாதவிடாய் நிக்காம போகுது, அப்படின்னா ஏத்துவோம். ரத்தம் போகலன்னா இங்க நிறைய பேர் 10,000-க்குக் கீழ இறங்கினாத்தான் யோசிப்பாங்க, அந்த 10,000-ங்கிற கோடு கூட கொஞ்சம் பழக்கத்துல வந்ததுதான், கல்வெட்டு இல்ல. 15,000-த்த வச்சுக்கிட்டு பேப்பர் படிச்சிட்டிருந்த பெரியவரையும் பாத்திருக்கேன், 80,000 இருந்தும் ஷாக்குல வந்த பொண்ணையும் பாத்திருக்கேன். உங்க பில் சந்தேகத்துக்கும் இதுலயே பதில் இருக்கு, பில்லை ஏத்தணும்னு நெனைக்கிறவர் மொதல்ல பிளேட்லெட்டத்தான் ஏத்துவாரு. சொந்தக்காரங்க வேற கேட்டுக்கிட்டு நிக்கிறப்ப ஏத்த மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும்.

டிரிப்ஸ் விஷயத்துலயும் இதே மாதிரி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, நெறைய ஏத்தினா நல்லதுன்னு. கசியற நேரத்துல தண்ணி வேணும்தான், சலைன் இல்லன்னா ரிங்கர் லாக்டேட், ஆனா தேவைக்கு மேல போற ஒவ்வொரு பாட்டிலும் அதே ஓட்டை வழியா நுரையீரலச் சுத்திப் போய் சேரும். ரெண்டு நாள் கழிச்சு கசிவு நின்னு, வெளிய இருந்ததெல்லாம் திரும்ப ரத்தத்துக்குள்ள வர்றப்ப டிரிப்ஸும் ஓடிட்டு இருந்தா மூச்சுத் திணறி ஐசியூவுக்குப் போகணும். டெங்கு ஷாக்குலருந்து காப்பாத்தி தண்ணியில மூழ்கடிச்ச கேஸ் எல்லா ஊர்லயும் உண்டு. இலங்கைல 2017-ல ஒரே வருஷத்துல 1,86,101 பேருக்கு டெங்குன்னு பதிவாச்சு, அங்க டாக்டருங்க தாய்லாந்து முறைய எடுத்துக்கிட்டு அந்தக் கசிவு நேரம் முழுக்க மொத்தமா இவ்வளவுதான் தண்ணின்னு எடைய வச்சு ஒரு கணக்குப் போட்டு, வாய் வழியா குடிக்கிறதையும் அதுல சேர்த்து எழுதி, பேஷண்ட் போற ஒண்ணுக்கையும் மில்லி மில்லியா அளந்து பாப்பாங்க. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லில இருந்து ஒரு மில்லி வரைக்கும் போனா போதும், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30-ல இருந்து 60 மில்லி. அதனால சிஸ்டர் வந்து "எவ்வளவு குடிச்சாரு, எத்தனை தடவ போனாரு"ன்னு கேட்டா எரிச்சல் படாதீங்க, அந்த பதில்லதான் வைத்தியமே ஓடிட்டு இருக்கு.

பப்பாளி இலைச் சாறு பத்தி நேர்மையா சொல்லணும்னா, அது சுத்தப் பொய்யும் இல்ல, மருந்தும் இல்ல. மலேசியாவுல 2013-ல வந்த ஆய்வு உட்பட சில சின்ன ஆய்வுகள்ல பிளேட்லெட் கொஞ்சம் வேகமா ஏறினதா தெரியுது, ஆனா பிளேட்லெட் ஆறாவது ஏழாவது நாள்ல பெரும்பாலும் தானாவே ஏறும், கசிவ நிறுத்தினதாவோ உயிரக் காப்பாத்தினதாவோ உறுதியா எதுவும் காட்டல. எனக்கு அதுல இருக்கிற பயம் வேற, அந்தக் கசப்புக்கு நாலு தடவ வாந்தி எடுத்தா, அது டெங்கோட அபாய வாந்தியா இலையோட வாந்தியான்னு எங்களுக்கே தெரியாமப் போயிடும். நிலவேம்புக் குடிநீரும், நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்பாடகம்னு ஒன்பது சரக்கு சேர்ந்தது, 2017-ல தமிழ்நாட்டுல அரசு கணக்குப்படியே 23,294 பேருக்கு டெங்கு வந்து 65 பேர் செத்தப்ப ஊரெல்லாம் ஊத்திக் கொடுத்தாங்க. பிடிச்சா காய்ச்சலோட ஆரம்பத்துல குடிக்கட்டும்னு விட்டுடுவேன், அத குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வராம இருந்துடக்கூடாது, என் சண்டை அது மட்டும்தான். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல: மெடிக்கல்ஸ்ல கேட்டு வாங்குற வலி மாத்திரை, புரூஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின், இதுல எதுவும் கூடாது, இடுப்புல போடுற வலி ஊசியும் கூடாது. வயித்துல புண்ணாக்கி, குறைஞ்சு போன பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாமப் பண்ணிடும். பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு அளவோட, ஏன்னா டெங்குல ஈரல் ஏற்கனவே அடி வாங்கியிருக்கும்.

தம்பிக்கு மூணு வருஷம் முன்னாடியும் டெங்கு வந்திருக்குன்னு கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்க, அத மொதல்ல சொல்லியிருக்கணும். டெங்கு வைரஸ் நாலு வகை. ஒண்ணு வந்தா அதே வகை ஆயுசுக்கும் பெரும்பாலும் திரும்ப வராது, மத்த மூணுக்கும் சில மாசம்தான் பாதுகாப்பு, அதுக்கப்புறம் இன்னொரு வகை வந்தா மொத தடவைய விட ரெண்டாவது தடவ தீவிரமாகிற வாய்ப்பு கூட. பழைய எதிர்ப்பு அணு புது வகையப் போய் ஒட்டிக்கும், ஆனா கொல்லாது, அந்த ஒட்டுன வாக்குலயே வைரஸ் செல்லுக்குள்ள சுலபமா நுழைஞ்சிடும், 1960-கள்ல பாங்காக்ல குழந்தைங்கள பாத்துட்டு இருந்த ஸ்காட் ஹால்ஸ்டெட்ங்கிற டாக்டர் வளர்த்தெடுத்த விளக்கம் இது. கியூபாவுல இது இயற்கையே செஞ்சு காட்டின சோதனை மாதிரி நடந்துச்சு: 1977-ல முதல் வகை வந்துச்சு, 1981-ல ரெண்டாவது வகை வந்து 158 பேர் செத்தாங்க. திரும்ப 1997-ல அதே கியூபாவுல சாண்டியாகோங்கிற ஊர்ல ரெண்டாவது வகை வந்தப்ப தீவிரமானது எல்லாம் பெரியவங்களுக்கு, அந்த 77-க்கு அப்புறம் பிறந்து மொத வகையவே பாக்காத பிள்ளைங்களுக்கு லேசாவே போயிடுச்சு. பிலிப்பைன்ஸ்ல 2016-ல ஆரம்பிச்சு எட்டு லட்சம் பிள்ளைங்களுக்கு மேல டெங்வாக்சியா தடுப்பூசி போட்டு, 2017 நவம்பர்ல அத தயாரிச்ச சனோஃபியே, டெங்கு ஒரு தடவையும் வராதவங்களுக்கு இது ஆபத்தாகலாம்னு சொன்னதுக்கும் இதே காரணம்தான், ஊசி மொத தடவ டெங்கு மாதிரி வேலை செஞ்சிடுச்சு. நம்ம ஊர்ல பானேசியா பயோடெக் கம்பெனியும் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரும் சேர்ந்து ஒரே டோஸ் தடுப்பூசிய 2024 ஆகஸ்ட்ல பத்தாயிரத்துக்கும் மேல ஆளுங்ககிட்ட சோதிக்க ஆரம்பிச்சாங்க. ஆனா ரெண்டாவது தடவ வந்த எல்லாருக்கும் கசியறதில்ல, மொத தடவையே ஷாக்குக்குப் போறவங்களும் உண்டு, இவருக்குக் கசியும் இவருக்குக் கசியாதுன்னு முன்கூட்டி சொல்ற டெஸ்ட் யார்கிட்டயும் இல்ல. உங்க டாக்டர் 31,000-த்தப் பாத்துட்டு மட்டும் வச்சிருக்கார்னு நான் நெனைக்கல, அஞ்சாவது நாள், காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கூட ஆகல, ரெண்டாவது தடவ, இந்த மூணையும் சேர்த்துத்தான் வச்சிருப்பாரு.

அதனால இன்னைக்கு சாயந்திரம் ரவுண்ட்ஸ் வர்றப்ப பிளேட்லெட் எவ்வளவுன்னு கேக்காம, பிசிவி மொத நாள் எவ்வளவு இருந்துச்சு இப்ப எவ்வளவு, பிபி இடைவெளி எவ்வளவுன்னு கேளுங்க. ராத்திரி நீங்க பக்கத்துல படுத்திருப்பீங்கல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அவர் பாதத்த உங்க புறங்கையால தொட்டுப் பாருங்க. வயித்த விடாம வலிச்சாலோ, ஒரு நாளைக்குள்ள மூணு தடவ வாந்தி வந்தாலோ, ஈறு மூக்குல ரத்தம் கசிஞ்சாலோ, திடீர்னு சோர்ந்து கண்ண மூடினாலோ, இல்ல காரணமில்லாம பரபரன்னு படுக்கையில புரண்டாலோ, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகலன்னாலோ, காலையில பாத்துக்கலாம்னு இருக்காம சிஸ்டர எழுப்புங்க, தூக்கத்துல இருந்தாலும் சரி. குடிக்கக் கொடுக்கிறது வெறும் தண்ணியா இல்லாம கஞ்சி, ஓஆர்எஸ், இளநீர்னு இருக்கட்டும், எவ்வளவுன்னு மட்டும் அவங்கள கேட்டுட்டு கொடுங்க. மாதுளை, பீட்ரூட் ஜூஸ் வேணாம், அது சத்துக்காகன்னு எல்லாரும் வாங்கிட்டு வருவாங்க, வாந்தி எடுத்தா ரத்தமா ஜூஸான்னு வார்டே குழம்பும். மாத்திரை இல்லாமலே ஒரு நாள் ரெண்டு நாள் காய்ச்சல் இல்லாம இருந்து, பசி எடுத்து, ஒண்ணுக்கு நல்லா போய், பிசிவி ஒரே நிலையா நின்னு, பிளேட்லெட் 50,000 தாண்டி ஏறுமுகமா இருந்தா அவரே அனுப்பிடுவாரு, பெரும்பாலும் ஞாயிறு இல்லன்னா திங்கள். அந்த நேரத்துல கால் கையெல்லாம் சிவந்து நடுநடுவுல வெள்ளைத் திட்டா ஒரு தடிப்பு வந்து உள்ளங்கை அரிக்கும், பயப்படாதீங்க, அது தேறுறப்ப வர்றது. அசதி மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், உடனே வேலைக்கு அனுப்பாதீங்க.

இன்னொண்ணு, வீட்ல அம்மாவுக்கும் லேசா காய்ச்சல் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கே அவங்களுக்கு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. மொத அஞ்சு நாளுக்குள்ளன்னா வைரஸோட புரதத்தத் தேடுற என்எஸ்1 டெஸ்ட் பாக்கணும், அதுக்கப்புறம்னா எதிர்ப்பு அணுவத் தேடுற ஐஜிஎம், என்எஸ்1 நெகட்டிவ்னு வந்தாலும் டெங்கு இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது. தம்பி காய்ச்சலோட படுத்திருந்த அந்த நாலு நாளும் அவரக் கடிச்ச கொசு இப்ப உங்க வீட்டுக்குள்ளதான் கட்டிலுக்கு அடியிலயும் தொங்குற துணிக்குள்ளயும் உக்காந்திருக்கும், தெருவுல புகை அடிச்சா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. டெங்குவப் பரப்புற ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, சாக்கடையில முட்டை போடாது, நம்ம பிடிச்சு வச்சிருக்கிற நல்ல தண்ணியிலதான் போடும், முட்டை காஞ்சு போய் மாசக்கணக்கா ஒட்டிக்கிட்டு கிடந்தாலும் தண்ணி பட்டா பொரிஞ்சிடும், அதனால டிரம்மையும் தொட்டியையும் கவுத்துக் கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் தேங்கா நாரு போட்டு தேய்க்கணும். கொசு ஒழிப்பு வேலைக்கு வர்றவங்க கொசுப்புழுவக் கொல்ற அபேட் மருந்து ஊத்திட்டு போயிருப்பாங்க, ஆனா அவங்க பாக்காத ஒரு இடம் இருக்கு. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி அடியில ஒரு தட்டு இருக்கும், சொட்டுத் தண்ணி அதுலதான் சேரும், வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டீங்க. டிரஸ் எடுக்க வீட்டுக்குப் போறீங்கல்ல, அத வெளிய இழுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க, குட்டி குட்டியா நெளியும்.